அழிந்த பேராலயத்தின் உள்ளே நடப்பது: பழைய ஆய்வுப் பதிவேடுகளைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுவர்கள் அப்படியே நிற்கும். உள்ளே இருந்த பீடங்கள், ஓவியங்கள், குருக்களின் இருக்கைகள், விளக்குகள் எல்லாம் போயிருக்கும். சில ஊர்களில் சுவர்கூட மிஞ்சியிருக்காது. அப்படிப்பட்ட பேராலயத்துக்குள் என்ன, எங்கே இருந்தது என்பதை மீட்டெடுக்க நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் ஆயர்களின் (பிஷப்புகளின்) ஆய்வுப் பதிவேடு மிக வளமானது. ஆயரோ அவர் அனுப்பிய அதிகாரியோ உள்ளே நடந்து, ஒவ்வொரு பீடத்தின் முன்பும் நின்று, கண்டதை எழுத்தரைக் கொண்டு எழுதுவித்த ஆவணம் அது. லத்தீனில் விசிட்டாசியோ என்பார்கள். ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களின் அட்டவணையில் இந்தச் சொல்லைத்தான் தேட வேண்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் தடுமாறுவது மொழியால் மட்டுமல்ல. எதை முதலில் செய்வது, எதைப் பின்னர் செய்வது என்று தெரியாததால்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். ஒரு ஓவியத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நேரே பதிவேட்டைத் திறக்கிறார்கள். அதைப் பற்றி ஒரே ஒரு வரி கிடைக்கிறது, அல்லது ஒன்றுமே கிடைப்பதில்லை. ‘பயனற்ற ஆவணம்’ என்று மூடிவிடுகிறார்கள். பதிவேட்டை எழுதுவித்த ஆய்வாளர் கலையைக் காண வந்தவர் அல்லர், குறை காண வந்தவர். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு ஆலயங்களை வைத்துக்கொள்கிறேன். ஒன்று இத்தாலியின் சியேனா பேராலயம். கட்டடம் இன்றும் இருக்கிறது, ஆனால் இடைக்கால உள்ளமைப்பு கலைந்துவிட்டது. மற்றொன்று 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்த லண்டனின் பழைய புனித பவுல் பேராலயம்.

1. இழப்பின் தேதிகளை முதலில் எழுதுங்கள்

காப்பகத்துக்குக் கடிதம் எழுதும் முன், ஒரு தாளில் அந்த ஆலயத்தின் இழப்புகளைத் தேதி வாரியாக எழுதுங்கள். எந்த ஆண்டின் ஆய்வு உங்களுக்குத் தேவை என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

லண்டனை எடுத்துக்கொண்டால், 1547 நவம்பரில் பெரிய சிலுவை இறக்கப்பட்டது. 1550இல் முதன்மைப் பீடம் அகற்றப்பட்டது. 1561 ஜூன் 4ஆம் தேதி மின்னல் தாக்கிக் கூர்கோபுரம் எரிந்தது. அது மீண்டும் கட்டப்படவே இல்லை. எல்லாவற்றையும் 1666 முடித்துவைத்தது. ஆகவே 1598இல் ஆயர் பேன்கிராஃப்ட் நடத்திய ஆய்வின் பதிவில் இடைக்காலப் பீடங்களைத் தேடுவது வீண். அது கட்டடத்தின் சீர்கேட்டையும் உள்ளே நடமாடிய கூட்டத்தையும் பற்றிப் பேசும் ஆவணம். பீடங்கள் அதற்கு முன்பே போய்விட்டன.

பிசா பேராலயத்துக்கு 1595ஆம் ஆண்டுத் தீ அப்படிப்பட்ட ஒரு கோடு. அந்தத் தீக்குப் பிறகு பிரித்து வைக்கப்பட்ட, சிற்பி ஜொவான்னி பிசானோவின் பிரசங்க மேடை 1926இல்தான் மீண்டும் பொருத்தப்பட்டது. கோட்டுக்கு முன்னால் எழுதப்பட்ட ஒவ்வொரு பக்கமும் பொன்.

சியேனாவில் தீ இல்லை. அங்கே இழப்பு மெல்ல நடந்தது. ஓவியர் துச்சோவின் பெரும் பீட ஓவியமான ‘மயெஸ்தா’ 1311இல் முதன்மைப் பீடத்தில் வைக்கப்பட்டு, 1506இல் இறக்கப்பட்டது. அதன் இடத்தில் மருத்துவமனை ஆலயத்திலிருந்து கொண்டுவரப்பட்ட, சிற்பி வெக்கியெத்தாவின் வெண்கல நற்கருணைப் பேழை (திருப்பலியில் அர்ச்சிக்கப்பட்ட அப்பத்தை வைக்கும் பேழை) ஏறியது. எனவே 1575ஆம் ஆண்டுப் பதிவேட்டில் ‘முதன்மைப் பீடம்’ என்று வந்தால் அங்கே நின்றது அந்தப் பேழை. தேதித்தாள் இல்லாதவர்கள் இங்கே துச்சோவைத் தேடி ஒரு நாளைத் தொலைப்பார்கள்.

2. கையில் வேண்டியவை

ஆலயத்தின் தரைப்படம், குறைந்தது பத்துப் பிரதிகள். ஒவ்வோர் ஆய்வுக்கும் தனிப் பிரதி, எல்லாவற்றையும் சேர்த்து வரைய வேறொன்று. ஒரே படத்தில் எல்லாவற்றையும் வரைந்தால், எந்தச் செய்தி எந்த ஆண்டுக்கு உரியது என்பது இரண்டாவது வாரத்திலேயே குழம்பிவிடும்.

லத்தீன் இலக்கணத்தின் அடிப்படையும், எழுத்தர்களின் சுருக்கக் குறிகளைத் திறக்கும் அகராதி ஒன்றும் வேண்டும். பதிவேட்டு லத்தீன் கடினமானதல்ல. ஐம்பது அறுபது சொற்கள் திரும்பத் திரும்ப வரும். கையெழுத்துத்தான் கடினம். முதல் பத்துப் பக்கங்களைப் பொறுமையாகக் கடந்துவிட்டால் அந்த எழுத்தரின் கை பழகிவிடும்.

மூன்றாவதாக, அந்த ஊரின் அளவு முறையும் நாட்காட்டி முறையும். சியேனாவில் அக்காலத்தில் ஆண்டு மார்ச் 25ஆம் தேதி தொடங்கியது. இங்கிலாந்திலும் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அப்படித்தான். உள்ளூர் எழுத்தர் ‘1575 பிப்ரவரி’ என்று எழுதினால் நம் கணக்கில் அது 1576. ரோமிலிருந்து வந்த எழுத்தர் அதே முறையைப் பின்பற்றியிருக்க வேண்டியதில்லை. கிழமை குறிப்பிடப்பட்டிருந்தால் அதைக் கொண்டு சரிபாருங்கள். இத்தாலியில் 1582 அக்டோபர் 4ஆம் தேதிக்கு அடுத்த நாள் 15ஆம் தேதி என்பதும் நினைவில் இருக்கட்டும்.

3. எந்த வகை ஆய்வு என்று தீர்மானியுங்கள்

எல்லா ஆய்வும் ஒன்றல்ல. யார் வந்தார், எதற்கு வந்தார் என்பதைப் பொறுத்து ஆவணம் சொல்வதும் மாறும்.

லண்டனில் 1295இல் நடந்தது கருவூல ஆய்வு. அப்போது பேராலயக் குருக்கள் குழுவின் தலைவராக இருந்தவர் ரால்ஃப் பால்டாக், பின்னாளில் லண்டன் ஆயரானவர். கிண்ணங்கள், திருவுடைகள், புனிதர்களின் திருப்பண்டங்கள் (எலும்பு போன்ற எச்சங்கள்), நூல்கள் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. பல பொருள்களுக்குக் கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடியவற்றுக்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. ஆனால் சுவரில் என்ன இருந்தது, எந்தத் தூணருகே எந்தப் பீடம் என்று அதனிடம் கேட்காதீர்கள்.

பீடம் பீடமாக நடந்து செல்லும் பதிவேடுகள் பெருகுவது, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கத்துக்குப் பிறகு. 1563 நவம்பர் 11ஆம் தேதி நடந்த 24ஆம் அமர்வு, ஆயர் தம் மறைமாவட்டம் (தம் பொறுப்பில் உள்ள பகுதி) முழுவதையும் ஆண்டுதோறும், பெரிய மறைமாவட்டமானால் இரண்டு ஆண்டுகளுக்குள், நேரில் பார்த்தாக வேண்டும் என்று விதித்தது. இதற்கு மேலாக, 1570களில் திருத்தந்தை 13ஆம் கிரகோரி இத்தாலிய மறைமாவட்டங்களுக்குத் தம் சார்பில் ஆய்வாளர்களை அனுப்பினார். 1575இல் சியேனாவுக்கு வந்த பெரூஜா ஆயர் பிரான்செஸ்கோ போசி அவர்களுள் ஒருவர்.

ஒரே பேராலயத்துக்கு இரண்டு வகையும் கிடைத்தால் திருத்தந்தையின் ஆய்வாளரிடமிருந்து தொடங்குங்கள். அவர் வெளியூர்க்காரர். உள்ளூர் ஆயர் ‘வழக்கமான இடத்தில்’ என்று சொல்லி நகர்ந்துவிடுவதை அவர் விளக்கி எழுதியாக வேண்டும்.

1585 முதல் ஆயர்கள் ரோமுக்கு அனுப்பிய மறைமாவட்ட அறிக்கைகளை இவற்றோடு குழப்ப வேண்டாம். அவை பெரும்பாலும் சுருக்கமானவை, உள்ளமைப்புக்கு அவ்வளவாக உதவாதவை.

4. ஆய்வாளரின் கேள்விப் பட்டியலைக் கட்டுங்கள்

பதிவேட்டைப் படிப்பதற்கு முன்பே, அவர் எதைக் கேட்டுக்கொண்டு நடந்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். வழக்கமான வரிசை இது: முதலில் நற்கருணை வைக்கப்பட்ட இடம், பிறகு திரு எண்ணெய்கள், திருமுழுக்குத் தொட்டி, திருப்பண்டங்கள். அதன்பின் பீடங்கள் ஒவ்வொன்றாக. அதன்பின் திருவுடை அறை, மணிக்கூண்டு, கல்லறை நிலம். பொருள்கள் முடிந்த பிறகு ஆட்கள்.

பீடத்தின் முன் நின்றால் அவர் கேட்பவையும் அநேகமாக ஒன்றே. அருள்பொழிவு செய்யப்பட்ட கல் இருக்கிறதா, உடைந்திருக்கிறதா? துணிகள் எத்தனை? சிலுவை, மெழுகுதிரித் தண்டுகள் உள்ளனவா? முன்னால் மரப்படி இருக்கிறதா? படம் தகுதியானதா? யாருக்கு உரியது, திருப்பலிக்கு (பூசைக்கு) நிவந்தம், அதாவது நிலையான மானியம், இருக்கிறதா? மிலான் பேராயர் கார்லோ பொரோமேயோ 1577இல் ஆலயக் கட்டடத்துக்கும் பொருள்களுக்கும் விரிவான விதிமுறைகள் வெளியிட்டார். அதற்குப் பின்வந்த ஆய்வுகளைப் படிக்கும்போது அந்த விதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், எழுத்தர் ஏன் கம்பித் தடுப்பைப் பற்றியே பேசுகிறார் என்பது புரியும்.

இந்தப் பட்டியலில் ஓவியரின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். பெயர் இல்லாதது எழுத்தரின் அலட்சியம் அல்ல. அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை.

5. முழுவதையும் படியெடுங்கள்

‘எனக்கு வேண்டிய பீடத்தை மட்டும்’ என்று எடுக்காதீர்கள். முதல் வரியிலிருந்து கடைசிக் கட்டளைவரை எடுங்கள். இதற்குக் காரணம் உண்டு. பதிவேட்டின் பெரும்பகுதி வாய்பாட்டு நடை. வாய்பாடு எது என்று தெரிந்தால்தான் எழுத்தர் அதிலிருந்து விலகும் இடம் கண்ணில் படும். நாற்பது பீடங்களுக்கு ‘தகுதியான படம்’ என்று எழுதிவிட்டு, ஒன்றுக்கு மட்டும் ‘மிகப் பழைய மரப்பலகைப் படம்’ என்று எழுதினால், அந்தச் சொல்லுக்குக் கனம் உண்டு. நாற்பதையும் படிக்காதவருக்கு அந்தக் கனம் தெரியாது.

சில சொற்களை இப்போதே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘டெச்சென்ஸ்’ என்றால் வழிபாட்டுக்குத் தகுந்தது. அழகானது என்று மொழிபெயர்த்தால் தவறு. ‘வெட்டுஸ்டா’ என்றால் பழையது. பாராட்டாக இருப்பதைவிட, மாற்ற வேண்டும் என்பதற்கான முன்னுரையாக இருப்பதே அதிகம். ‘இக்கோனா’ என்பது பெரும்பாலும் பீட ஓவியம் முழுவதையும் குறிக்கும், கீழைத் திருச்சபையின் சிறு திருவுருவத்தை அல்ல. ‘பல்லியும்’ பேராயரின் தோள்துகிலாகவும் இருக்கலாம், பீடத்தின் முன்திரையாகவும் இருக்கலாம். பீடத்தின் அருகே வந்தால் முன்திரைதான். ‘உத் சுப்ரா’, அதாவது ‘மேற்கண்டவாறு’, என்று வந்தால் எது மேலே என்று உடனே திரும்பிப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு சொற்களால் தவறான பீடத்துக்குப் போன செய்திகளை நான் பல படியெடுப்புகளில் கண்டிருக்கிறேன்.

சரியாகப் படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்பாதீர்கள். புள்ளிகள் இட்டு விடுங்கள். பத்து பக்கம் தள்ளி அதே சொல் தெளிவாக வரும்.

6. நடந்த வழியை வரையுங்கள்

வேலையின் இதயம் இது. எவ்வளவு நேரம் ஆனாலும் இங்கே செலவிடுங்கள்.

ஆய்வாளர் ஒரு வழியில் நடந்தார். பீடங்களின் வரிசை என்பது அவர் கால் பட்ட வரிசை. அவர் எங்கே தொடங்கினார், எந்தப் பக்கமாகத் திரும்பினார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், இடம் சொல்லப்படாத பீடங்களும் தம் இடத்தில் போய் அமரும்.

முதலில் இன்றும் அசையாமல் இருக்கும் நங்கூரங்களைத் தேடுங்கள்: கதவு, தூண், திருவுடை அறையின் வாசல், மணிக்கூண்டின் படிக்கட்டு. ‘திருவுடை அறைக் கதவுக்கு அருகில்’ என்று ஒரு பீடம் வந்தால் அதைப் படத்தில் மையால் குறியுங்கள். மற்றவை பென்சிலில் இருக்கட்டும். கல்லறைகளையும் பிரசங்க மேடையையும் நங்கூரமாகக் கொள்ளும் முன் அவை இடம் மாறினவா என்று பாருங்கள். சியேனாவில் நிக்கோலா பிசானோ 1265 முதல் 1268 வரை செய்த பிரசங்க மேடை இன்று இருக்குமிடம் அதன் முதல் இடம் அல்ல. இன்றைய நிலையை வைத்து அளந்தவர்களின் படம் முழுவதுமே சாய்ந்துவிடும்.

அடுத்தது இடது, வலது. புதியவர்கள் அதிகம் விழும் குழி இதுதான். ‘வலப்பக்கம்’ என்றால் யாருடைய வலம்? வாசலிலிருந்து உள்ளே வருபவருடையதா, பீடத்திலிருந்து மக்களைப் பார்ப்பவருடையதா, சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவினுடையதா? எழுத்தரே ஒரே பதிவேட்டில் மாற்றி மாற்றி எழுதியிருக்கலாம். இதற்கு மாறாக ‘நற்செய்திப் பக்கம்’, ‘திருமுகப் பக்கம்’ என்று வரும் சொற்கள் உறுதியானவை. பீடத்தை நோக்கி நிற்பவருக்கு நற்செய்திப் பக்கம் இடக்கை, திருமுகப் பக்கம் வலக்கை. இந்தச் சொற்கள் வரும் இடங்களை முதலில் வரைந்து, அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அந்த எழுத்தரின் ‘வலம்’ எது என்று தீர்மானியுங்கள்.

திசைகளையும் நம்பாதீர்கள். பீடம் கிழக்கே இருக்கும் என்று எண்ணி ‘இடப்பக்கம் வடக்கு’ என்று எழுதிவிடுகிறார்கள். ரோமின் புனித பேதுரு பேராலயத்தில் பீடத்தின் பின் அரைவட்டம் மேற்கே இருக்கிறது. அங்கே பீடத்தை நோக்கி நிற்பவருக்கு இடக்கை தெற்கு. பழைய பேராலயத்திலும் அப்படித்தான். உங்கள் ஆலயத்தின் உண்மையான திசையைத் தரைப்படத்தின் ஓரத்தில் பெரிய அம்புக்குறியாகப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வழி ஓரிடத்தில் அறுந்தால் பதற வேண்டாம். ஆய்வு ஒரே நாளில் முடிந்திருக்காது. ‘அதே நாள் உணவுக்குப் பின்’, ‘மறுநாள்’ என்ற சொற்களைத் தேடுங்கள். அங்கே அவர் வேறு வாசலிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

7. பீடத்தின் பெயரையும் படத்தின் பொருளையும் பிரியுங்கள்

சியேனாவின் காவல் புனிதர்கள் நால்வர்: அன்சானோ, சவீனோ, கிரெஷென்சியோ, வித்தோரே. 14ஆம் நூற்றாண்டில் இவர்களுடைய பீடங்களுக்குப் பெரும் ஓவியங்கள் செய்யப்பட்டன. அன்சானோ பீடத்தில் சிமோனே மார்த்தினியும் லிப்போ மெம்மியும் 1333இல் வரைந்தது கன்னி மரியாவுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொல்லும் காட்சி. சவீனோ பீடத்தில் பியெத்ரோ லொரென்செத்தி 1342இல் வரைந்தது மரியாவின் பிறப்பு. கிரெஷென்சியோ பீடத்தில் அதே 1342இல் அம்புரோஜியோ லொரென்செத்தி வரைந்தது குழந்தை இயேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கியது. வித்தோரே பீடத்தில் பர்த்தொலொமேயோ புல்கரீனி வரைந்தது கிறிஸ்து பிறப்பு.

நான்கிலும் நடுவில் நிற்பது மரியாவின் வாழ்வு. பீடத்துக்கு உரிய புனிதர் ஓரத்தில்தான் நிற்கிறார். இது தெரியாதவர் பதிவேட்டில் ‘புனித அன்சானோவின் பீடம், தகுதியான படத்துடன்’ என்று கண்டவுடன் ‘அன்சானோவின் ஓவியம்’ என்று எழுதிவிடுவார். அடுத்தவர் அதை மேற்கோள் காட்டுவார். பிறகு இல்லாத ஓர் ஓவியம் நூல்களில் உலவத் தொடங்கும்.

ஆகவே அட்டவணையில் இரண்டு தனித்தனிப் பத்திகள்: பீடத்தின் பெயர், படத்தின் பொருள். படத்தின் பொருளை எழுத்தர் சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். மூன்றாவது பத்தியில் உரிமையாளர், அதாவது குடும்பமோ கைவினைஞர் சங்கமோ பக்தசபையோ. பீடங்களின் பெயர் மாறும், படமும் மாறும். உரிமையும் நிவந்தமும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஐம்பது ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரண்டு பதிவுகளில் ‘இது அதே பீடம்தான்’ என்று நிறுவ, திருப்பலிக் கடமையின் எண்ணிக்கையும் குடும்பப் பெயரும்தான் பல வேளைகளில் கைகொடுக்கும். பணக் கணக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

8. கட்டளையை நிகழ்வாக எழுதாதீர்கள்

பதிவேட்டின் முடிவில், அல்லது ஒவ்வொரு பீடத்தின் கீழும், கட்டளைகள் வரும். நிவந்தம் இல்லாத பீடம் இடிக்கப்பட வேண்டும், படம் அகற்றப்பட வேண்டும், புதிய கல் பதிக்க வேண்டும், இத்தனை மாதத்துக்குள். இதைப் படித்தவுடன் ‘இந்தப் பீடம் 1575இல் இடிக்கப்பட்டது’ என்று எழுதுவது பெரும் பிழை.

கட்டளை என்பது விருப்பம். பேராலயக் குருக்கள் குழு செல்வாக்கு மிக்கது, நிவந்தக் குடும்பங்கள் அதைவிடச் செல்வாக்கு மிக்கவை. அடுத்த ஆய்வில் அதே பீடம் அதே குறையோடு நின்றால் கட்டளை நிறைவேறவில்லை. அடுத்த ஆய்வு கிடைக்காவிட்டால் பேராலயத்தின் கட்டுமானத்தைக் கவனித்த பணியகத்தின் கணக்கேடுகளுக்குப் போங்கள். கொத்தனாருக்குக் கூலி, குப்பை அள்ளியதற்குக் காசு, பழைய மரத்தை விற்ற வரவு: இடிப்பின் தடயம் இப்படித்தான் இருக்கும். சியேனாவில் பணியகத்தின் பொருள் பட்டியல்களும் நீண்ட வரிசையாகக் கிடைப்பது பெரும் பேறு.

மறுபுறம், கட்டளை ஒரு பொருள் அன்று அங்கே இருந்ததற்கு மறுக்க முடியாத சாட்சி. இல்லாத ஒன்றை அகற்றச் சொல்ல முடியாது.

9. மௌனத்துக்கு உடனே பொருள் சொல்லாதீர்கள்

பதிவேட்டில் இல்லாததால் ஆலயத்தில் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். 4ஆம் படியில் கட்டிய கேள்விப் பட்டியலை எடுங்கள். அந்தப் பொருள் அதில் அடங்குமா? பீடம், கல், துணி என்றால் மௌனம் பேசும். அவர் கேட்டிருக்க வேண்டியது, எழுதவில்லை என்றால் பெரும்பாலும் இல்லை. வண்ணக் கண்ணாடி, தரைப் பளிங்கு, உயரச் சுவரோவியம் என்றால் மௌனத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. குறையற்று இருந்தவை கவனிக்கப்படாமலே போயிருக்கும்.

10. எஞ்சியவற்றோடு இறுதியில் பொருத்துங்கள்

இப்போதுதான் அருங்காட்சியகங்களுக்குப் போக வேண்டும். முன்பே போனால், கண்ட ஓவியத்துக்கு ஏற்றபடி பதிவேட்டை வளைத்துவிடுவோம்.

வித்தோரே பீடத்தின் ஓவியம் சிதறிப்போனது. நடுவில் இருந்த கிறிஸ்து பிறப்புக் காட்சி, வெட்டிக் குறுக்கப்பட்ட நிலையில், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. புனிதர்கள் வித்தோரேவும் கொரோனாவும் நிற்கும் பக்கப் பலகைகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. கடல் கடந்து கிடந்த இந்தத் துண்டுகளை ஒரே பீடத்தின் உறுப்புகளாகக் காட்டிய ஆய்வு 1986இல் வெளியானது. பலகையின் அளவு, மரம், பொன்பூச்சின் அச்சு வேலை ஆகியவை ஒரு பக்கம், பேராலயத்தின் எழுத்துச் சான்று மறுபக்கம். இரண்டும் தனித்தனியே நடந்துவந்து ஒரே இடத்தில் சந்தித்தால்தான் பொருத்தம் உறுதியாகும். அன்சானோ பீட ஓவியத்தில் அவருக்கு எதிர் ஓரத்தில் நிற்கும் பெண் புனிதர் மார்கரெட்டா, அல்லது மாக்சிமாவா என்ற விவாதம் இன்னும் நடப்பது, படத்தை மட்டும் பார்த்து எவ்வளவு தூரம் போக முடியும் என்பதைக் காட்டும்.

பழைய அச்சுப்படங்களையும் இந்தப் படியில்தான் திறக்க வேண்டும். பழைய புனித பவுல் பேராலயத்தின் உட்புறத்தை வென்செஸ்லாஸ் ஹோலர் செதுக்கிய படங்கள் 1658இல், அந்த ஆலயத்தின் வரலாறாக வில்லியம் டக்டேல் எழுதிய நூலில் வெளிவந்தன. அவை இல்லாமல் அந்த ஆலயத்தை நம்மால் கற்பனைகூடச் செய்ய முடியாது. ஆனால் 1295ஆம் ஆண்டுப் பட்டியலின் பொருள்களை அந்தப் படத்துக்குள் வைக்கத் துடிக்காதீர்கள். இரண்டுக்கும் இடையே 350 ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. 1547, 1550, 1561 ஆகிய மூன்று இழப்புகளும் அந்த இடைவெளிக்குள்தான் அடங்கும்.

11. வரைபடத்தை வெளியிடும்போது

மூன்று வகைக் கோடுகள் போதும். பதிவேடே இடம் சொன்ன பீடத்துக்கு முழுக்கோடு. நடந்த வழியைக் கொண்டு நீங்கள் அமர்த்திய பீடத்துக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. வேறு ஆண்டின் சான்றைக் கொண்டு வைத்ததற்குப் புள்ளிக்கோடு. ஒவ்வொரு பீடத்தின் அருகிலும் ஆண்டை எழுதுங்கள். ‘இடைக்கால உள்ளமைப்பு’ என்று பொதுவாகத் தலைப்பிடாமல், ‘1575ஆம் ஆண்டு ஆய்வின்படி’ என்று எழுதுங்கள்.

இடம் தெரியாத பீடங்களைப் படத்தின் ஓரத்தில் பெயரோடு வரிசையாக எழுதி வையுங்கள், விட்டுவிடாதீர்கள். அந்த ஓரத்துப் பெயர்களில் ஒன்றை, வேறொரு காப்பகத்தில் வேறொரு குடும்பத்தின் உயிலைப் படிப்பவர் அடையாளம் கண்டு, அதன் தூணுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.